ட-வின் மூலை

வட்டம் கண்ணுக்கு வட்டமாகத் தெரிய
வட்டத்தைக் கொஞ்சம் ஏமாற்ற வேண்டும்.
காம்பஸில் வரைந்த ஆங்கில ஓ
மேலும் கீழும் கொழுத்துத் தெரியும்.
அங்கே ஆறு அலகு இழைத்து
அடிக்கோட்டுக்குக் கீழே பன்னிரண்டு அலகு இறக்கிவிட்டால்
அப்போதுதான் சொல்வார்கள்
எவ்வளவு கச்சிதமான வட்டம் என்று.

எட்மண்டன். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஒக்ஸானா ஹ்ரிட்ஸாக் அனுப்பிய குறிப்பில் இரண்டே வாக்கியம்:
'ஆங்கிலம் சிரிக்கிறது. தமிழும் சிரிக்க வேண்டும்.'
வீடுகளை வாடகைக்கு விடும் கம்பெனி ஒன்றுக்குப்
பதினோரு மொழியில் ஒரே முகம்.
கோடெல்லாம் ஒரே கனம்,
முனையெல்லாம் மழுங்கல்,
கை வைத்தால் குத்தாத எழுத்து.

தமிழில் பெரிய வேலை இராது என்று நினைத்தேன்.
ழ ஏற்கெனவே சுழன்றுதான் நிற்கிறது.
ணை தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும்.
புள்ளி பிறவியிலேயே வட்டம்.
ஃ இன்னும் சுலபம், மூன்று சொட்டு, அரை மணி நேரம்.
பாவம், இப்போது அது
ஃபீஸுக்கும் ஃபைனுக்கும் வாசல் காக்கிறது.

ட மட்டும் வழிக்கு வரவில்லை.
ஒரு கோடு இறங்குகிறது,
ஒரு கோடு படுக்கிறது,
சந்திக்கிற இடத்தில் ஒரு மூலை.
அதற்கென்று வேறு சொத்து கிடையாது.
'இது மட்டும் ஏன் கோபமாக இருக்கிறது?' என்றாள் ஒக்ஸானா.
கோபம் இல்லை, எலும்பு, என்றேன்.
இருபது அலகு வளைத்தேன்.
இன்னும், என்றாள்.
நாற்பது.
எண்பதில் அது ஹாக்கி மட்டை ஆகிவிட்டது.
'இப்போது சரி.'
காசும் வந்தது, சொன்ன தேதியில்.

பிறகு ஊரெங்கும் அதைப் பார்த்தேன்.
துணி துவைக்கும் அறைக் கதவில்,
லிஃப்டில், குப்பைத் தொட்டியின் மூடியில்,
மில் வுட்ஸ் பேருந்து நிறுத்தத்தில்:
உங்கள் வீடு, எங்கள் அக்கறை.
ஒட்டிய பனியைக் கையுறையால் துடைத்து
றை-யின் சுழி சரியாக விழுந்திருக்கிறதா என்று
குனிந்து பார்த்த நேரத்தில்
பஸ் போய்விட்டது.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை
கீழ்த்தளத்துக் குகதாஸ் அண்ணன் கதவைத் தட்டினார்.
இரவெல்லாம் பனி தள்ளும் வண்டி ஓட்டிவிட்டு
பூட்ஸைக்கூடக் கழற்றாமல், கையில் ஒரு கடிதத்தோடு.
'எழுத்து நல்ல வடிவா இருக்குப் பிள்ளை.
கண்ணாடி போடாமலே வாசிச்சிட்டன்.
முந்தி இங்கிலீஷில வந்தா மகனைத்தான் கூப்பிடுவன்.'

கடிதத்தைத் திருப்பி என் பக்கம் நீட்டினார்.
ஜூன் முதல் தேதியிலிருந்து
மாதம் முந்நூற்று நாற்பது டாலர் கூடும்.
அந்த எண்கூட மொழுமொழுவென்று இருந்தது.
பூஜ்யம் ஒரு பலூன்.

நான் முதலில் பார்த்தது தொகையை இல்லை.
வாடகை என்ற சொல்லில்
துணைக்காலுக்கும் ட-வுக்கும் நடுவே
ஐந்து அலகு இடைவெளி அதிகம்.
அதைத்தான் பார்த்தேன்.
அதற்குப் பிறகுதான் அவர் முகத்தை.

'உங்களுக்கும் வந்திருக்குமே?'
வந்திருந்தது. மேசையில், பிரிக்காமல்.

அன்றிரவு கோப்பைத் திறந்தேன்.
எண்பதை நாற்பதாக்கினேன்.
நாற்பதை இருபதாக்கினேன்.
கொஞ்ச நேரம் தேநீர் குடித்தேன்.
பூஜ்யம்.
ட நிமிர்ந்து உட்கார்ந்தது.
எட்மண்டன் என்று அடித்துப் பார்த்தேன்.
இந்த ஊருக்கு இரண்டு மூலை இருக்கிறது,
ஏழு வருஷம் குடியிருந்தும் கவனித்ததில்லை.
வாடகை என்று அடித்தேன்.
வீடு என்றும்.
அந்த ஐந்து அலகையும் குறைத்தேன், பழக்கதோஷம்.

மாற்றங்கள் என்ற கட்டத்தில்
'சிறு திருத்தங்கள்' என்று எழுதி அனுப்பினேன்.
திங்கட்கிழமை ஒக்ஸானாவிடமிருந்து பதில்:
ஒரு கட்டைவிரல்,
மஞ்சள் நிறம்,
மூலை எதுவும் இல்லாதது.